டொரண்டோவில் தாவரவியல் பூங்கா வசந்தகால வேலை: ஜனவரியிலேயே தொடங்க வேண்டியவை

கனடா வந்த முதல் வருடம், பனி கரைந்து தரை தெரியத் தொடங்கிய ஏப்ரல் நடுவில் ஒரு தாவரவியல் பூங்காவுக்குப் போய் வேலை கேட்டேன். இந்த வருடத்துக்கு ஆள் எடுத்து முடித்துவிட்டோம் என்றார்கள். தன்னார்வலராகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தப் பட்டியலும் பிப்ரவரியிலேயே நிறைந்துவிட்டதாம். தேனிப் பக்கம் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவள் நான். செடி துளிர்க்கும்போதுதான் தோட்ட வேலை தொடங்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே ஆள் எடுப்பதும் காகிதம் சரிபார்ப்பதும் தரை உறைந்து கிடக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது.

அடுத்த வருடம் ஜனவரியிலேயே தொடங்கினேன். முதலில் தன்னார்வலராக இருந்தேன், பிறகு சம்பளத்துக்கு. இடையில் பட்ட சிரமங்களில் பாதிக்கு மேல் முன்கூட்டித் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் புதிதாக வந்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். லாரன்ஸ் அவென்யூவும் லெஸ்லி தெருவும் சந்திக்கும் இடத்தில் எட்வர்ட்ஸ் கார்டன்ஸ் பூங்காவை ஒட்டியிருக்கும் டொரண்டோ பொட்டானிக்கல் கார்டன், பர்லிங்டன் - ஹாமில்டன் எல்லையில் இருக்கும் ராயல் பொட்டானிக்கல் கார்டன்ஸ், நகர நடுவில் ஆலன் கார்டன்ஸ் கண்ணாடி வீடு, இவை தவிர மாநகராட்சிப் பூங்காக்கள் என்று இடங்கள் பல. விதிகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். அடிப்படை ஒன்றுதான்.

1. தன்னார்வலரா, சம்பளமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டுக்கும் காகிதம் வேறு, கேள்விகள் வேறு.

நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்கள், திறந்த வேலை அனுமதி வைத்திருப்பவர்கள் இரண்டில் எதையும் செய்யலாம். மாணவர்கள் அனுமதியில் உள்ள நிபந்தனையைப் பாருங்கள். கல்லூரிக்கு வெளியே வேலை செய்ய அனுமதி இருந்தாலும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 24 மணி நேரம்தான். வசந்தகால வேலை ஏப்ரல், மே மாதங்களில் வருவதால் உங்கள் விடுமுறை எப்போது தொடங்குகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க, பெற்றோருக்கான நீண்டகால சூப்பர் விசாவிலோ சுற்றுலா விசாவிலோ வந்திருக்கும் அப்பா அம்மாவைப் பற்றி என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஊரில் விவசாயம் பார்த்தவர்கள், வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார்கள், பூங்காவில் போய்க் களையாவது எடுக்கட்டுமே என்று. அவசரப்படாதீர்கள். சம்பளம் வாங்காவிட்டாலும், வழக்கமாக ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யும் வேலையை அவர்கள் செய்தால் குடியேற்றத் துறை அதை வேலையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். பூங்காவின் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளரிடம் விசா நிலையைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். சந்தேகம் மிச்சமிருந்தால் உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. ஒன்டாரியோவில் மேல்நிலைப் பள்ளி முடிக்க 40 மணி நேரச் சமூக சேவை கட்டாயம். வேலையைத் தொடங்கும் முன்பே அது பள்ளி ஏற்றுக்கொள்ளும் வகையா என்று கேளுங்கள், பள்ளியின் படிவத்தையும் கையோடு கொண்டுபோங்கள். எல்லாம் முடிந்து மாதக்கணக்கான பிறகு போய்க் கையெழுத்துக் கேட்டால் பிள்ளை எந்தெந்த நாள் வந்தது என்று பூங்காவிலும் யாருக்கும் நினைவிருக்காது.

2. ஜனவரி, பிப்ரவரி: விண்ணப்பம்

சம்பள வேலைகளுக்கான பருவகால அறிவிப்புகள் பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் வரும். சில அறிவிப்புகள் இரண்டு வாரத்தில் மூடிவிடும். வாரம் ஒருமுறை, நாள் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பூங்காவின் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் மாநகராட்சியின் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் பாருங்கள். தேடும்போது கார்டனர் என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட வேண்டாம். ஹார்ட்டிகல்ச்சர், சீசனல், பார்க்ஸ், கிரவுண்ட்ஸ் என்றும் போட்டுத் தேடுங்கள். ஒரே வேலைக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பெயர்.

ரெஸ்யூமே ஒன்றிரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண நிலை எதுவும் வேண்டாம். ஊர் அனுபவத்தை மறைக்காதீர்கள். "விவசாயக் குடும்பம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. எத்தனை ஏக்கர், என்ன பயிர், சொட்டுநீர்க் குழாய் பதித்தீர்களா, நாற்றங்கால் போட்டீர்களா, மாமரத்தின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தீர்களா என்று வேலையாகப் பிரித்து எழுதுங்கள். 23 கிலோ வரை தூக்க முடியுமா, மழையிலும் குளிரிலும் வெளியே நிற்க முடியுமா என்று பல அறிவிப்புகளில் கேட்டிருப்பார்கள். முடியும் என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

பல சம்பள வேலைகளுக்கு ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள், பெரும்பாலும் முழு உரிமமான ஜி அல்லது அதற்கு முந்தைய நிலையான ஜி2. பூங்காவுக்குள் சின்ன டிரக் ஓட்ட வேண்டியிருக்கும். நம் ஊர் உரிமத்தைக் கொடுத்து நேராக மாற்றிக்கொள்ள முடியாது. எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு. ஆனால் ஊரில் ஓட்டிய அனுபவத்துக்கு வரவு கிடைக்கும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்தைக் காட்ட, உரிமம் கொடுத்த அலுவலகத்தின் கடிதமோ இந்தியத் தூதரகத்தின் கடிதமோ தேவைப்படும். விமானம் ஏறும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் அதை வாங்கி வருபவர்கள் பல மாதம் மிச்சம் பிடிக்கிறார்கள். எழுத்துத் தேர்வு, ஜி2 தேர்வு, உரிமம் மூன்றும் சேர்ந்த கட்டணம் 160 டாலரை ஒட்டி வரும்.

தன்னார்வலர்களுக்கு வாரத்தில் ஒரு நாள், காலை இரண்டு மூன்று மணி நேரம் என்ற மாதிரி முறை வரும். சனி ஞாயிறு மட்டும்தான் வர முடியும் என்று எழுதினால் இடம் கிடைப்பது குறையும். தோட்டக் குழு வேலை செய்வது பெரும்பாலும் வாரநாள் காலையில்தான்.

3. பெயர், எண், காவல்துறைச் சான்று

எனக்கு அதிக நாள் வீணானது இங்கேதான்.

முதலில் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், இல்லாவிட்டால் அப்பா பெயர் ஏதோ ஒரு பக்கம் ஏறியிருக்கும். இங்கே ஒவ்வொரு அலுவலகமும் அதை ஒவ்வொரு மாதிரி பதிந்துவைக்கும். என் வங்கிக் கணக்கில் ஒரு வரிசை, வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் சின் எண்ணின் கடிதத்தில் வேறு வரிசை. காவல்துறைச் சான்றுக்கு இணையத்தில் அடையாளம் சரிபார்க்கும்போது இரண்டும் ஒத்துப்போகாமல் விண்ணப்பம் திரும்பி வந்தது. எல்லா ஆவணங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்து, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஜனவரியிலேயே பாருங்கள். குடியேற்ற ஆவணத்தில் இருக்கும் பெயரை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள்.

சின் எண் சர்வீஸ் கனடாவில் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. தற்காலிக அனுமதியில் இருப்பவர்களின் எண் 9-ல் தொடங்கும், அதற்கு முடிவு தேதியும் உண்டு. வேலை அனுமதியை நீட்டித்தால் சின் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று: தன்னார்வலர் வேலைக்குச் சின் எண் தேவையில்லை. சம்பளம் இல்லாத இடத்தில் படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தால், ஏன் என்று கேளுங்கள், காலியாக விடுங்கள்.

காவல்துறைச் சான்றில் ஒன்டாரியோவில் மூன்று நிலை. குற்றப் பதிவுச் சோதனை, நீதிமன்ற விவரங்களும் சேர்ந்த சோதனை, குழந்தைகள் முதியவர்கள் இருக்கும் இடங்களுக்கான வல்னரபிள் செக்டர் சோதனை. எந்த நிலை வேண்டும் என்று பூங்காவிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு பிறகு விண்ணப்பியுங்கள். நான் ஊகத்தில் முதல் நிலையை எடுத்தேன். பள்ளிக் குழந்தைகள் வரும் நிகழ்ச்சிகளில் உதவ வேண்டியிருந்ததால் மூன்றாவது நிலைதான் செல்லும் என்றார்கள். மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாவது நிலைக்குப் பூங்காவின் கடிதம் அல்லது படிவம் வேண்டும், நீங்கள் குடியிருக்கும் நகரின் காவல்துறையில்தான் எடுக்க வேண்டும். உங்கள் பிறந்த தேதியும் பாலினமும் ஏதாவது பழைய பதிவோடு ஒத்துப்போனால் கைரேகை கேட்பார்கள். உங்கள் மேல் குற்றம் எதுவும் இருப்பதாக அதற்கு அர்த்தம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் கூடுதலாக வாரக்கணக்கில் நாள் பிடிக்கும்.

செலவைப் பொறுத்தவரை, 2022 ஏப்ரலிலிருந்து ஒன்டாரியோவில் தன்னார்வலர்களுக்கு முதல் இரண்டு நிலைச் சோதனைக்கும் காவல்துறை கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பத்தில் தன்னார்வலர் என்று குறிக்க மறந்தால் காசு போகும். சம்பள வேலைக்கு என்றால் சில பத்து டாலர் ஆகும்.

4. பயிற்சிச் சான்றுகளும் தடுப்பூசியும்

ஒன்டாரியோவில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் நான்கு படிகள் கொண்ட அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். தொழிலாளர் அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாக உண்டு, ஒரு மணி நேரம் போதும். கடைசியில் வரும் சான்றிதழைக் கட்டாயம் சேமித்து வையுங்கள். வேலை கிடைத்த பிறகு செய்யலாம் என்று விடாமல் விண்ணப்பத்தோடேயே இணைத்தால் மதிப்பு கூடும். ரசாயனப் பொருட்களின் எச்சரிக்கைக் குறிகளைப் படிக்கும் விம்மிஸ் பயிற்சியைப் பெரும்பாலும் பூங்காவே கொடுக்கும். காசு கட்டி முன்கூட்டி எடுக்காதீர்கள். வேலை தருபவர் தன் இடத்துக்கேற்ப மறுபடியும் சொல்லித்தரத்தான் வேண்டும்.

டெட்டனஸ் ஊசி பத்து வருடத்துக்கு ஒருமுறை. கடைசியாக எப்போது போட்டோம் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. மாகாண அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் அட்டை இருந்தால் குடும்ப மருத்துவரிடம் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். மண்ணிலும் முள்ளிலும் கை வைக்கும் வேலை இது. ரோஜாப் பாத்திக்குப் போகும் முன்பே முடித்துவிடுங்கள்.

5. பூட்ஸ், உடை, கருவி: எதற்குச் செலவு செய்யலாம்

பாதுகாப்பு பூட்ஸ் வாங்கும்போது பச்சை முக்கோணம் உள்ள, கனடாவின் தர முத்திரையான சிஎஸ்ஏ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விரல் பக்கம் இரும்புக் கவசமும் ஆணி ஏறாத அடித்தகடும் இருப்பதற்கான அடையாளம் அது. ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்பு முனை ஷூவில் இந்த முத்திரை இருக்காது, எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏற்கமாட்டார்கள். நல்ல ஜோடி சுமார் 120 முதல் 200 டாலர். சில இடங்களில் பூட்ஸுக்கென்று தனியாகத் தொகை கொடுப்பார்கள். வாங்கும் முன் கேளுங்கள், ரசீதையும் வையுங்கள். தன்னார்வலர்களுக்குப் பெரும்பாலும் மூடிய, தண்ணீர் புகாத காலணி போதும்.

ஏப்ரல் காலை ஏழு மணிக்குத் தரையில் உறைபனி இருக்கும். பத்து மணிக்கு அது சேறு. மதியம் 15 டிகிரி வெயில். தடிமனான ஒரே ஜாக்கெட் இந்த வேலைக்கு உதவாது. மெல்லியதாக மூன்று அடுக்கு போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நான் வாங்கியதில் மிகவும் பயன்பட்டது 40 டாலர் மழைக் கால்சட்டை. ஈர மண்ணில் மண்டியிட்டு வேலை செய்யும்போது அது இல்லாவிட்டால் அரை மணியில் முழங்கால் மரத்துப்போகும். ரப்பர் பூச்சு உள்ள கையுறை இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று நனைந்தால் மற்றொன்று.

கருவிகளைப் பூங்கா கொடுக்கும். கவாத்துக் கத்தரி மட்டும் சொந்தமாக வைத்திருப்பது நல்லது என்பார்கள், நூறு டாலரை ஒட்டிய விலையில் ஃபெல்கோ கத்தரியைச் சொல்வார்கள். முதல் வருடம் அதை வாங்க வேண்டாம். பூங்காவின் கத்தரியில் ஒரு பருவம் வேலை செய்துவிட்டு, உங்கள் கைக்கு எந்த அளவு ஒத்துவருகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

போக்குவரத்துச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டொரண்டோவின் பஸ், சப்வேக்களை நடத்தும் டிடிசியில் பிரஸ்டோ என்னும் பயண அட்டையைத் தட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் ஒரே கட்டணம்தான். பர்லிங்டன் பக்கத்துப் பூங்காவுக்குக் கார் இல்லாமல் போவது சிரமம். கோ என்னும் புறநகர் ரயிலின் ஆல்டர்ஷாட் நிலையம் கிட்டத்தில் இருந்தாலும், தோட்டங்கள் பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. எந்தத் தோட்டத்தில் வேலை என்று கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

6. முதல் நாள்: பெயர்த் தகட்டைக் காப்பாற்றுங்கள்

தாவரவியல் பூங்கா என்பது செடிகளின் நூலகம் மாதிரி. ஒவ்வொரு செடிக்கும் ஒரு சேர்க்கை எண் உண்டு. எந்த வருடம் வந்தது, எங்கிருந்து வந்தது, விதையா பதியமா எல்லாம் அந்த எண்ணோடு பதிவில் இருக்கும். செடியருகே மண்ணில் குத்தியிருக்கும் சின்ன உலோகத் தகடுதான் அந்த எண்ணுக்கும் செடிக்கும் இடையிலான முக்கிய இணைப்பு. குளிர்காலத்தில் உறைந்து இளகும் மண் பல தகடுகளை மேலே தள்ளிவிட்டிருக்கும். அவற்றின் மேல் இலைச் சருகு மூடியிருக்கும்.

என் இரண்டாவது நாளில் புல்வாரியால் வேகமாக இழுத்துச் சருகைக் குவித்தேன். சருகோடு மூன்று தகடுகளும் வந்துவிட்டன. அந்தப் பாத்தியில் செடிகள் இன்னும் தரைக்கு மேலே வந்திருக்கவில்லை. எந்தத் தகடு எந்தச் செடியுடையது என்று கண்டுபிடிக்க, பொறுப்பாளர் வரைபடத்தை எடுத்துவந்து அரை நாள் செலவழித்தார். அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அவர் மண்டியிட்டு அளந்துகொண்டிருந்ததைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது இன்றுவரை மறக்கவில்லை. பாத்திக்குள் நுழைந்ததும் முதலில் கையால் தடவித் தகடுகளைத் தேடுங்கள், ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கொடியால் அடையாளம் வையுங்கள், அப்புறம் வாரியை எடுங்கள். தகடு கழன்று கிடந்தால் நீங்களாக ஊகித்துக் குத்தாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

களை போலத் தெரிவதைப் பிடுங்குவதிலும் இதே எச்சரிக்கை. இந்த ஊர்க் காட்டுப் பூச்செடிகளின் முளை ஏப்ரலில் நமக்குக் களையாகத்தான் தெரியும். ஒன்டாரியோவின் மாகாணப் பூவான ட்ரிலியம், விதையிலிருந்து பூவுக்கு வர ஏழு வருடத்துக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளும். சந்தேகம் என்றால் கேளுங்கள். கேட்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

7. மார்ச் கடைசி முதல் ஏப்ரல்: தொடலாமா, காத்திருக்கலாமா

புதியவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி அவசரத்தால் வருபவை. ஐந்து மாதக் குளிருக்குப் பிறகு வெயில் அடித்ததும் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். வாசல் தெளித்துக் கோலம் போடும் வீட்டில் வளர்ந்த நமக்கு இன்னும் அதிகமாகவே துறுதுறுக்கும்.

முதலில் மண் பதம். பனி உருகிய களிமண்ணில் மிதித்தால் மண்ணுக்குள் இருக்கும் காற்றறைகள் நசுங்கி, கோடையில் அது கல்லாக இறுகும். பதம் பார்க்க நம்மிடம் நல்ல அளவுகோல் இருக்கிறது. புட்டு மாவு. ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் பாத்திக்குள் இறங்காதீர்கள். கட்டாயம் இறங்க வேண்டும் என்றால் பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள்.

அடுத்து சருகும் காய்ந்த தண்டுகளும். இவற்றுக்குள் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் உறங்கிக்கொண்டிருக்கின்றன. தனியாக வாழும் சில தேனீ இனங்கள் உள்ளீடற்ற தண்டுக்குள் முட்டையிட்டிருக்கும். பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நிற்கும்வரை சருகை அள்ளாமல் விடச் சொல்வார்கள். தண்டுகளையும் அடியோடு வெட்டாமல் ஒரு முழம் அளவுக்கு விட்டு வெட்டுவார்கள். பார்வையாளர்கள் நடக்கும் பாதையோரங்களில் மட்டும் முன்கூட்டிச் சுத்தம் செய்வதுண்டு.

அழகுக்கு வளர்க்கும் உயரப் புல் வகைகளை மட்டும் தாமதிக்கக் கூடாது. உள்ளே புதுத் துளிர் எழும் முன் வெட்ட வேண்டும். முதலில் கயிற்றால் கட்டாகக் கட்டுங்கள், பிறகு தரையிலிருந்து 10 - 15 சென்டிமீட்டர் விட்டு அறுங்கள். நெல் அரி பிடித்தவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

கவாத்தில்தான் ஆபத்து அதிகம். லைலாக், ஃபோர்சிதியா, மக்னோலியா போன்றவை போன கோடையிலேயே இந்த வருடத்து மொட்டை வைத்துவிட்டன. ஏப்ரலில் அவற்றை வெட்டினால் வெட்டிப் போடுவது பூவைத்தான். பூத்து முடிந்த பிறகு கவாத்து. ஹைட்ராஞ்சியாவில் இரண்டு வகை உண்டு. வெள்ளைப் பந்தாகவும் கூம்பாகவும் பூக்கும் வகைகளை வசந்தத் தொடக்கத்தில் வெட்டலாம். நீலம், இளஞ்சிவப்பு என்று பெரிய இலையோடு பூக்கும் வகையின் பழைய தண்டைத் தொடக் கூடாது. ரோஜாவுக்கு இங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஃபோர்சிதியா மஞ்சளாகப் பூக்கும் வாரத்தில் ரோஜாவைக் கவாத்து செய்வார்கள். ஓக் மரத்தில் மட்டும் ஏப்ரல் தொடங்கிக் கோடை முழுக்கக் கத்தி படக் கூடாது. ஓக் வில்ட் என்னும் பூஞ்சை நோய் 2023-ல் நயாகரா ஃபால்ஸில் கண்டுபிடிக்கப்பட்டது. புதிய வெட்டுக் காயத்துக்கு வரும் வண்டுகள் அதைப் பரப்புகின்றன. ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள்.

டேஃபடில், டுலிப் பூத்து முடிந்ததும் இலை தொங்கி அசிங்கமாகத் தெரியும். வெட்டாதீர்கள். அந்த இலைதான் அடுத்த வருடப் பூவுக்குக் கிழங்கில் சத்தைச் சேர்க்கிறது. பூ உதிர்ந்து ஆறு வாரமாவது போகட்டும், இலை தானாக மஞ்சளாகட்டும். காய்ந்த பூத்தலையை மட்டும் கிள்ளலாம்.

8. மே: களை, மூடாக்கு, நாற்று

மருந்து அடித்தால் ஒரே நாளில் முடிந்துவிடுமே என்று நானும் கேட்டேன். 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்டாரியோவில் அழகுக்காகப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி அடிக்கத் தடை. நச்சுச் செடிகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. எனவே எல்லாம் கைக்களைதான்.

இரண்டு களைகளைத் தெரிந்துகொண்டு போங்கள். இலையைக் கசக்கினால் பூண்டு வாசம் வரும் கார்லிக் மஸ்டர்ட். மே மாதம் வெள்ளைப் பூ விட்டதும், விதை கட்டும் முன் வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிப் போட்ட பிறகும் விதை முற்றும் என்பதால் பைக்குள் கட்டித்தான் போடுவார்கள், மக்குக் குழிக்குப் போகாது. இன்னொன்று டாக் ஸ்ட்ராங்லிங் வைன் என்னும் கொடி. டொரண்டோவின் டான் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. மொனார்க் வண்ணத்துப்பூச்சி இதை எருக்கின் இனமான மில்க்வீட் என்று ஏமாந்து முட்டையிடும், பொரித்த புழு பிழைக்காது. இதை இழுத்தால் தண்டு அறுந்து வேர் உள்ளேயே நின்றுவிடும், தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

மரத்துகள், சருகு போன்றவற்றால் மண்ணை மூடும் மூடாக்கு, மண் சூடேறிய பிறகுதான். 5 முதல் 8 சென்டிமீட்டர் கனம் போதும். மரத்தடியில் மலை போலக் குவிப்பது இந்த ஊரில் எங்கும் பார்க்கக் கிடைக்கும் தவறு. பட்டை ஈரத்தில் ஊறி அழுகும். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுப் பரப்புங்கள். தள்ளுவண்டியை நிரப்பி வழிய ஏற்ற வேண்டாம், முக்கால் வண்டி போதும். முதல் வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டு வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓராண்டுப் பூச்செடிகளை வெளியே நடுவது மே 25-க்கு முந்தைய திங்களில் வரும் விக்டோரியா தினத்தை ஒட்டி. அதற்கு முன் உறைபனி வந்து ஒரே இரவில் நாற்று முழுக்கக் கருகும் வாய்ப்பு இருக்கிறது. கண்ணாடி வீட்டு நாற்றை நேராக வெயிலில் வைக்காமல், ஒரு வாரம் பத்து நாள் நிழலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள்.

9. உண்ணியும் பாய்சன் ஐவியும்

கருங்கால் உண்ணி வெப்பம் 4 டிகிரியைத் தாண்டினாலே நடமாடத் தொடங்கும். அதன் இளம்பருவம் கசகசா அளவுதான் இருக்கும். லைம் நோய் இதனால் வருகிறது. கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், வெளிர் நிற உடை போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் குளித்து முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எப்போது எடுத்தீர்கள் என்று குறித்துக்கொண்டு அன்றைக்கே மருந்தகத்துக்குப் போங்கள். 2023 ஜனவரியிலிருந்து ஒன்டாரியோவில் மருந்தாளுநரே தடுப்பு மருந்து எழுதித்தர முடியும். உண்ணியை எடுத்த 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய மருந்து அது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

பாய்சன் ஐவி என்பது மேலே பட்டால் அரிக்கும் செடி. அதற்கு மூன்று இலை, நடு இலையின் காம்பு மட்டும் நீளமாக இருக்கும். இலை உதிர்ந்த தண்டில்கூட அரிப்பு எண்ணெய் உண்டு. பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையுறையையும் கத்தரியையும் சேர்த்துக் கழுவ வேண்டும்.

10. சம்பளம், ஓவர்டைம், பருவம் முடியும்போது வாங்க வேண்டியது

ஒன்டாரியோவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 அக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டாலர். அதோடு விடுமுறைப் பணம் குறைந்தது 4 சதவீதம். அதை ஒவ்வொரு சம்பளத்திலும் சேர்த்துத் தருவார்களா, கடைசியில் மொத்தமாகவா என்று கேளுங்கள். முதல் சம்பளம் கைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரைக்குமான வாடகையும் பஸ் செலவும் கையில் இருக்கட்டும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு என்ற ஓவர்டைம் விதி, லேண்ட்ஸ்கேப் கார்டனர் என்ற வகைக்குள் வரும் வேலைக்குச் சட்டப்படி பொருந்தாது. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடங்களில் நிலைமை வேறாக இருக்கலாம். மே மாதம் வேலை குவியும்போது நீண்ட நேரம் நிற்கச் சொல்வார்கள். உங்கள் வேலை எந்த வகையில் பதியப்பட்டிருக்கிறது, கூடுதல் நேரத்துக்கு என்ன கணக்கு என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் சேர்ந்து, வாரம் ஐம்பது மணி நேரம் வரை நின்று, சாதாரணக் கணக்கில்தான் பணம் வாங்கினேன்.

பருவம் அக்டோபர், நவம்பரில் முடியும். கடைசி நாளுக்குப் பிறகு ஆர்ஓஇ என்னும் வேலைப் பதிவு உங்கள் பெயரில் சர்வீஸ் கனடாவுக்குப் போயிருக்க வேண்டும். வேலையின்மைக் காப்புறுதிக்கு அது வேண்டும். நீங்கள் இருக்கும் பகுதியைப் பொறுத்து 420 முதல் 700 மணி நேரம் வேலை செய்திருந்தால் தகுதி வரும், எனவே மணிக்கணக்கை நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அதே வாரத்தில் பொறுப்பாளரிடம் பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள். உங்கள் வேலை அவருக்கு நினைவிருக்கும்போது கேட்டால் என்னென்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுதித்தருவார். அடுத்த ஆண்டு யாரைத் திரும்ப அழைப்பது என்ற பட்டியலையும் பல இடங்களில் அப்போதே போடத் தொடங்குவார்கள். வர விருப்பம் என்றால் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, டிசம்பர் கடைசி வாரத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்தை மறுபடியும் திறந்து பாருங்கள்.